சில்டெனாபில், டடலாபில் குளிசைகள்: நீண்டகாலப் பாவனையில் தெரிந்தவை

சீனி வருத்தமும் பிரஷரும் விறைப்புக் குறைபாட்டுக்கு முக்கியக் காரணங்கள். மட்டக்களப்பிலோ கல்முனையிலோ கிளினிக் போய்வரும் ஒருவர் அந்தக் குறைபாட்டுக்கு எடுக்கும் சில்டெனாபில், டடலாபில் குளிசையை வெளியே பார்மசியில் வாங்கினால் அது கிளினிக் கொப்பியில் ஏறாது. ஆபத்து அங்கேதான் தொடங்குகிறது. வெட்கப்படாமல் டொக்டரிடம் சொல்லி எழுதுவியுங்கள்.

நெஞ்சு நோவுக்கு நாக்கின் கீழ் வைக்கும் ஜீ.ரீ.என்., நாளாந்தம் எடுக்கும் ஐசோசோர்பைட் இரண்டும் நைட்ரேட் வகை. இவற்றை எடுப்பவர் சில்டெனாபிலோ டடலாபிலோ தொடவே கூடாது. இரத்த அமுக்கம் சடுதியாக விழுந்து உயிரே போகலாம். குளிசை போட்ட பின் நெஞ்சு நோ வந்தால் 1990 சுவசெரிய அம்புலன்ஸை அழைத்து, என்ன குளிசை, எத்தனை மணிக்குப் போட்டது என்பதை முதலில் சொல்லுங்கள். சில்டெனாபிலுக்குப் பின் 24 மணித்தியாலம், டடலாபிலுக்குப் பின் 48 மணித்தியாலம் நைட்ரேட் ஆகாது. மனைவிக்கும் இது தெரிந்திருக்க வேண்டும். அந்த நேரம் பேசும் நிலையில் நீங்கள் இல்லாமல் போகலாம்.

சில்டெனாபில் வழக்கமாக 50 மி.கி.யில் தொடங்கும், 65 வயது கடந்தோருக்கு 25. உறவுக்கு ஒரு மணித்தியாலம் முன், நாளுக்கு ஒரு தடவை மட்டும். புரியாணி வயிறு நிறையச் சாப்பிட்டிருந்தால் மருந்து ஏறச் சுணங்கும். வேலை செய்யவில்லையென்று இன்னொன்றைப் போட்டால் இரண்டும் சேர்ந்து ஏறும். டடலாபிலுக்குச் சாப்பாடு தடையில்லை, 36 மணித்தியாலம் வரை நிற்கும். தூண்டுதல் இல்லாமல் எதுவும் தானாக வேலை செய்யாது.

சிறுநீர் தடைக்கோ பிரஷருக்கோ கொடுக்கும் தாம்சுலோசின், பிராசோசின் போன்ற மருந்துகளை எடுப்பவர்களுக்கு எழும்பும்போது தலைசுற்றி விழ வாய்ப்புண்டு. குறைந்த அளவில் தொடங்க வேண்டும். தலையிடி, முகம் சிவத்தல், மூக்கடைப்பு சாதாரணம். விறைப்பு 4 மணித்தியாலம் தாண்டினாலோ பார்வை திடீரென மங்கினாலோ விடியும்வரை காத்திருக்காமல் வைத்தியசாலைக்குப் போங்கள்.

வருடக்கணக்கில் பாவித்த பின் பலன் குறைந்தால், உடம்பு பழகிவிட்டதென்று அளவைக் கூட்டாதீர்கள். பெரும்பாலும் சீனி கட்டுப்பாடு தவறியிருக்கும், இரத்த நாளங்கள் பழுதுபட்டிருக்கும். எச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரி சீனி அளவு), கொலஸ்ட்ரோல், பிரஷர் மூன்றையும் பார்ப்பியுங்கள். விறைப்புக் குறைபாடு பலருக்கு இதயநோய்க்கு முன்னரே வெளிப்படும் அறிகுறி.

பெட்டியில்லாத குளிசையும், ‘இயற்கை’ என்று விற்கும் வீரிய லேகியமும் வேண்டாம். அப்படியான பொருட்களில் சொல்லாமல் சில்டெனாபில் கலந்திருப்பது பல நாடுகளில் பிடிபட்டிருக்கிறது. எவ்வளவு கலந்ததென்று விற்பவருக்கே தெரியாது.