கடை போர்டுக்கு எது: கேட்டமரானா, பலூ தம்பியா?

இரண்டும் தமிழ் எழுத்துருக்கள் (ஃபான்ட்); கூகுள் ஃபான்ட்ஸில் இலவசம். கேட்டமரானில் 100 முதல் 900 வரை ஒன்பது கனங்கள், அதாவது எழுத்துக் கோட்டின் தடிமன் அளவுகள். பலூ தம்பி 2-இல் 400 முதல் 800 வரை ஐந்துதான்.

சேலம் ஐந்து ரோட்டில் பஸ்ஸில் போகிறவர் கண்ணில் படவேண்டிய பேக்கரி போர்டா? யோசிக்காமல் பலூ 800. உருண்ட முனைகள் தூரத்திலும் சிரித்த முகம் காட்டும். வெள்ளிக் கொலுசுக் கடைக்கு அது ஒட்டாது. அங்கே கேட்டமரானின் நேராக வெட்டிய முனைகளே மரியாதை.

ஏற்காடு காபிப் பொட்டலத்தின் பின்பக்கத்தில்தான் சிக்கல். 7 பாயின்ட்டில் 900 கனம் போட்டால், பழுப்புக் காகிதத்தில் மை பரவி ண, ஞ, இ எழுத்துகளின் உள்வெளி அடைபடும். க், த் மேலுள்ள புள்ளி தலையோடு ஒட்டிக்கொள்ளும். கேட்டமரான் 500, 9 பாயின்ட் வையுங்கள்.

அச்சகத்துக்கு அனுப்புமுன் எழுத்தை கர்வ்ஸாக (ஃபான்ட் தேவைப்படாத வரைவடிவமாக) மாற்றிவிடுங்கள். இல்லையேல் ‘கொ’வின் கொம்பு இடம் மாறி அச்சாகலாம்.