மவுண்டன் வியூ கம்ப்யூட்டர் ஹிஸ்டரி மியூசியம்: அவசரத்துல போகாதீங்க

சிலிக்கான் வேலி எப்படி உருவாச்சுனு தெரிஞ்சுக்க ஆசை இருந்தா நேரா இங்க போயிடுங்க. 1957ல, டிரான்சிஸ்டர் கண்டுபிடிச்சவங்கள்ல ஒருத்தரான ஷாக்லி கிட்ட வேலைய விட்டுட்டு எட்டு பேரு ஃபேர்சைல்ட்ங்கிற சிப் கம்பெனிய ஆரம்பிச்சாங்க, அங்க இருந்து பிரிஞ்சவங்கதான் அப்புறம் இன்டெல், ஏஎம்டி மாதிரி சிப் கம்பெனி எல்லாம் ஆரம்பிச்சாங்க, அந்த எட்டுல ஒருத்தரான யூஜின் கிளைனர் 1972ல புது கம்பெனிகளுக்கு காசு போடவே ஒரு ஃபண்ட் தொடங்கிட்டாரு, இந்த சங்கிலி புரிஞ்சா மொத்த ஏரியாவும் புரிஞ்ச மாதிரி.

ஆப்பிளோட முதல் கம்ப்யூட்டரான ஆப்பிள் 1 வெறும் சர்க்யூட் போர்டுதான், பாத்ததும் சிலிர்த்துடுச்சு!

ஐபிஎம் 1401ங்கிற பழைய பெரிய கம்ப்யூட்டர ஓட்டிக் காட்டுற டெமோ நடக்குற நாளா பாத்துப் போங்க. பஞ்ச் கார்ட, அதாவது ஓட்டை போட்டு டேட்டா பதிஞ்ச அட்டைய, அது படிக்கிற சத்தம், பிரின்டர் தடதடனு அடிக்கிறது, அத வீடியோல பாத்தா பத்தாதுங்க. கேம்ஸ் பகுதி சுமார், பசங்களுக்குப் புடிக்கும்.