கிராபிக்ஸ் கார்டுக்குள் நெல் சுணை: மூன்று வருஷ அனுபவம்

நீடாமங்கலத்து நண்பன் போன வாரம் போன் பண்ணினான். "மாப்ள, என்கிட்டயும் அதே நாலாம் தலைமுறை ஐ5 பிராசஸர் போட்ட பழைய கம்ப்யூட்டர்தான் கிடக்குது, உன்ன மாதிரி கிராபிக்ஸ் கார்டும் எஸ்எஸ்டியும் போட்டா ஓடுமா?" ஓடும் என்று சொல்லிவிட்டு வைத்திருக்கலாம். அவன் கேட்ட நேரம் நான் கேபினெட்டைப் பிரித்துப் போட்டு, கையில் பெயின்ட் பிரஷ்ஷோடு தரையில் உட்கார்ந்திருந்தேன். கடுப்பில் "வேணாம்டா" என்றுவிட்டேன். அவன் ஏன் என்று கேட்டதற்கு ஒழுங்கான பதில் சொல்லவில்லை, இதுதான் அது.

எஸ்எஸ்டி, அதாவது ஹார்ட் டிஸ்குக்குப் பதிலாகப் போடும் வேகமான சேமிப்பு, அதைப் பற்றிப் பேச அதிகம் இல்லை, ஏனென்றால் அது தொல்லையே கொடுக்கவில்லை. என்னுடையது எச்81 என்ற பழைய மதர்போர்டு, புது வகை எஸ்எஸ்டி சொருகும் எம்.2 ஸ்லாட் கிடையாது, அதனால் கேபிளில் மாட்டும் 500 ஜிபி சாட்டா எஸ்எஸ்டிதான். முன்பெல்லாம் சுவிட்சைப் போட்டுவிட்டுப் போய் டீ போட்டு எடுத்துக்கொண்டு வந்தாலும் விண்டோஸ் வட்டம் சுற்றிக்கொண்டிருக்கும், இப்போது நாற்காலியை இழுத்து உட்காருவதற்குள் வந்துவிடுகிறது. ஒரு கூத்து மட்டும் சொல்ல வேண்டும். இந்த போர்டில் நாலு சாட்டா போர்ட், அதில் இரண்டுதான் நொடிக்கு 6 ஜிகாபிட் வேகம், மற்ற இரண்டும் 3 ஜிகாபிட். நான் ஐந்து மாதம் தப்பான போர்டில் சொருகி வைத்திருந்தேன். யதேச்சையாக ஸ்பீடு டெஸ்ட் போட்டபோது நொடிக்கு 270 எம்பி காட்டியது, மாற்றிச் சொருகியதும் 540. ஆனால் உண்மையைச் சொன்னால் தினசரி உபயோகத்தில் எனக்கு வித்தியாசமே தெரியவில்லை. ஹார்ட் டிஸ்கிலிருந்து எஸ்எஸ்டிக்கு வருவதுதான் தாவல்.

கார்டுக்கு வருவோம். பழசு ஜிடிஎக்ஸ் 750 டிஐ, 2 ஜிபி, வெறும் 60 வாட், தனியாகப் பவர் கேபிள்கூடக் கேட்காத சாது. புதுசு (எனக்குப் புதுசு) ஜிடிஎக்ஸ் 1660 சூப்பர், 6 ஜிபி, 125 வாட். 2022 செப்டம்பரில் எதீரியம் என்ற கிரிப்டோ நாணயத்தின் முறை மாறி, கார்டு வைத்து அதை உருவாக்கும் மைனிங் வேலை முடிந்துபோனதும் செகண்ட் ஹேண்ட் கார்டுகள் கொட்டிக் கிடந்தன இல்லையா, அந்தச் சமயம் சென்னையில் ஒருவரிடம் வாங்கி, மன்னை எக்ஸ்பிரஸில் விடிய விடிய மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தேன். பழைய பவர் சப்ளையில் இந்தக் கார்டு கேட்கும் 8 பின் கேபிள் இல்லை, அதனால் 550 வாட்டில் ஒன்று தனிச் செலவு.

அதைவிடப் புது கார்டான ஆர்எக்ஸ் 6600 வாங்கியிருக்கலாமே என்று பலர் கேட்டார்கள். நல்ல கார்டுதான். ஆனால் எச்81 போர்டில் கார்டு ஸ்லாட் பிசிஐஇ 2.0 என்ற பழைய, மெதுவான வகைதான், 6600 எட்டு லேன் (தரவு போகும் பாதை) மட்டும் பயன்படுத்தும், ஆக அகலமும் பாதி, வேகமும் குறைவு. 6500 எக்ஸ்டி இன்னும் மோசம், அது நாலே லேன். 1660 சூப்பர் பதினாறு லேனையும் எடுத்துக்கொள்ளும். பழைய போர்டு வைத்திருப்பவர்கள் விலையைப் பார்க்குமுன் இதைப் பாருங்கள்.

முதல் சில மாதம் சொர்க்கம். லோ செட்டிங்கில் திக்கித் திக்கி ஓடிய கேமெல்லாம் 1080பியில் ஹை வைத்து 60 பிரேமுக்கு மேலே ஓடியது. அப்புறம் தை மாதம் வந்தது.

எங்கள் வீடு ரோட்டோரம். சம்பா அறுவடை தொடங்கிவிட்டால் வாசலில் ரோட்டு நீளத்துக்கு நெல் காயும், எதிரே அறுப்பு மெஷின், நாலு வீடு தள்ளித் தூற்றும் மெஷின். நெல் உமியிலிருந்து உதிரும் பொடி முடியான சுணை காற்றிலேயே மிதக்கும், கழுத்தெல்லாம் அரிக்கும். அது எங்களுக்குப் பழக்கம், கார்டுக்குப் பழக்கமில்லை. ஒரு நாள் ஃபேன் இரைச்சல் ஹெட்போனைத் தாண்டிக் கேட்டது, டெம்பரேச்சர் 84 டிகிரி, கார்டின் வேகம் தானாக இறங்கி கேம் திக்க ஆரம்பித்தது. செகண்ட் ஹேண்ட் கார்டை ஏமாற்றித் தலையில் கட்டிவிட்டான் என்று விற்றவரை மனசுக்குள் திட்டித் தீர்த்தேன். பாவம் அவர். கழற்றிப் பார்த்தால் சூட்டை இறக்கும் ஹீட்சிங்க் தகடுகளுக்கு நடுவே பழுப்பாக, கம்பளி மாதிரி அடை கட்டியிருந்தது. பிரஷ்ஷால் நெம்பியதும் ஒரே துண்டாக உரிந்து வந்தது, அதில் இரண்டு பதரும் முழுசாக ஒரு நெல்லும். அப்பா அதை எடுத்து நகத்தால் உரித்துப் பார்த்துவிட்டு, "நல்லா காஞ்சிருக்குடா, ஈரப்பதம் பதினேழுக்குள்ளதான் இருக்கும், எடுத்துட்டுப் போய் கொள்முதல் நிலையத்துல போடு" என்றார்.

அதிலிருந்து இதே பிழைப்பு. முன்பக்கம் கொசு வலை கட்டினேன், சுணை சாவகாசமாக உள்ளே போனது. பழைய வேட்டித் துணி கட்டினேன், சுணை நின்றது, காற்றும் நின்றது, 5 டிகிரி ஏறியது. ஜன்னலைச் சாத்தினால் கம்ப்யூட்டர் பிழைக்கும், நான் வெந்துபோவேன். ஒருமுறை பஞ்சர் கடைக்குத் தூக்கிக்கொண்டு போய்க் காற்றடித்தேன். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள், அந்தக் காற்றில் தண்ணீர் கலந்து வரும், ஃபேனை விரலால் பிடித்துக்கொள்ளாவிட்டால் கன்னாபின்னாவென்று சுற்றி பேரிங் போய்விடும். எனக்கு ஒரு ஃபேன் அப்படித்தான் போனது, மாற்ற 900 ரூபாய்.

கார்டு மேல் தப்பில்லை என்று எனக்கே தெரியும். ஆனால் பழைய 750 டிஐ இதே வீட்டில், இதே சுணையில் ஏழு வருஷம் ஒரு வார்த்தை பேசாமல் ஓடியதே! அதற்கு 60 வாட், இதற்கு அதுபோல் இரண்டு மடங்கு, சூடும் அப்படி, இழுக்கும் காற்றும் அப்படி. நியாயமாகப் பார்த்தால் இதுதான் பதில். ஆனால் தரையில் உட்கார்ந்து ஸ்குரூ எண்ணும்போது நியாயம் எங்கே நினைவுக்கு வருகிறது?

இன்னொன்று, விண்டோஸ் 10 ஆதரவு 2025 அக்டோபர் 14 உடன் முடிந்துவிட்டது, நாலாம் தலைமுறை பிராசஸரை விண்டோஸ் 11 முறைப்படி ஏற்காது. இனி இந்தப் பெட்டியில் பெரிய காசு போடுவது வீண்.

அதனால் மாப்ள, எஸ்எஸ்டி நாளைக்கே போடு, கார்டு வாங்காதே. அப்போ உன் கார்டை எனக்குக் கொடுத்துடு என்று கேட்பாய், தெரியும். கொடுக்க மாட்டேன். ஞாயிற்றுக்கிழமை வந்தால் விளையாடிப் பார்க்கலாம், வரும்போது உன் மாமா கடை புளோயரை எடுத்துக்கொண்டு வா, என்னுடையது புகைந்து நின்றுவிட்டது.