கேட்கிற செயலியா, காட்டுகிற செயலியா?

பெரம்பூரில் எங்கள் வீட்டுக் கைபேசியில் இரண்டு கதைச் செயலிகள் இருக்கின்றன. மகள் ஒன்றாம் வகுப்பு படிக்கிறாள். "ரெண்டுல எதைப் போடட்டும்?" என்று மாடிவீட்டு அக்கா கேட்டார். அவருடைய பேரனுக்கு இன்னும் எழுத்தே பிடிபடவில்லை.

ஒன்று, பிரதம் புக்ஸ் 2015-இல் தொடங்கிய ஸ்டோரிவீவர். எல்லாம் இலவசம். கதைகளை நான்கு நிலைகளாகப் பிரித்திருக்கிறார்கள். முதல் நிலையில் சொற்கள் குறைவு, வந்த சொல்லே திரும்ப வரும். மற்றொன்று கூகுளின் ரீட் அலாங். 2019-இல் 'போலோ' என்ற பெயரில் இந்தியிலும் ஆங்கிலத்திலும் வந்தது, தமிழ் பிறகு சேர்ந்தது. இதில் பிள்ளைதான் சத்தமாகப் படிக்க வேண்டும். தியா என்ற பாத்திரம் கேட்டுக்கொண்டிருக்கும். ஒரு சொல்லில் தடுக்கினால் அதைத் தொட்டால் போதும், சொல்லிக் காட்டும். கதையை முன்பே இறக்கி வைத்துவிட்டால் இணையமும் வேண்டாம்.

அக்காவின் பேரனுக்கு நான் சொன்னது ஸ்டோரிவீவர்தான். எழுத்து தெரியாத பிள்ளையைப் 'படி' என்று சொல்லிக் காத்திருக்கும் செயலியிடம் விட்டால் அவன் மிரண்டுபோவான். அவனை மடியில் உட்காரவைத்து, சொல்லுக்குக் கீழே விரலை நகர்த்திக்கொண்டே நாம் படிக்கிற கட்டம் இது. தமிழில் உயிர்மெய் மட்டும் 216. 'கொ' என்ற ஓர் எழுத்தையே பாருங்கள். கொம்பு முன்னால், துணைக்கால் பின்னால், நடுவில் க. காதில் முதலில் விழுவது க், கண்ணில் முதலில் படுவதோ கொம்பு. யாராவது பக்கத்தில் இருந்து விரல் வைத்துக் காட்டினால்தான் குழந்தைக்கு இது விளங்குகிறது.

இன்னொன்றையும் கவனித்தேன். 'வந்தது' என்று இருப்பதை நான் என்னை அறியாமல் 'வந்துச்சு' என்று படித்துக்கொண்டிருந்தேன். படத்தைப் பார்த்துக் கதை கேட்கும்போது அது குறையே இல்லை. கதை ஒட்டிக்கொள்ள வீட்டுப் பேச்சுதான் வேண்டும். ஆனால் எழுத்தோடு ஒலியைப் பொருத்தப் பழகும் பிள்ளை குழம்பிவிடுகிறது. இப்போது முதல் தடவை பேச்சுத் தமிழில் கதை சொல்கிறேன், இரண்டாம் தடவை உள்ளது உள்ளபடி படிக்கிறேன்.

எழுத்துக்கூட்டிப் படிக்கத் தொடங்கிவிட்ட பிள்ளைக்கு ரீட் அலாங் ஒரு படி மேல். 'ம-ர-ம், மரம்' என்று இழுப்பது வேகமாக வேண்டுமானால் ஒரே கதையைப் பத்துத் தடவை வாய்விட்டுப் படிக்க வேண்டும். வேலை முடிந்து ஏழரை மணிக்கு வீடு திரும்புகிற நமக்கு அத்தனை பொறுமை இருப்பதில்லை. செயலிக்குச் சலிப்பே கிடையாது. திரையில் இருக்கும் சொல்லையே அது எதிர்பார்ப்பதால் 'வந்தது' 'வந்தது'வாகவே வாயில் வருகிறது. ஒன்றே ஒன்று, டிவி ஓடும் அறையில் வேண்டாம். அமைதியான மூலையாகப் பார்த்து உட்காரவையுங்கள்.

எழுதுவதற்கு? இரண்டையும் நம்ப வேண்டாம். கண்ணாடித் திரையில் விரல் வழுக்கிக்கொண்டு போகிறது. பல்பமும் பென்சிலும் கொடுக்கிற பிடிமானம் அதில் இல்லை. ஆனால் ஸ்டோரிவீவர் கதைகளை இறக்கி அச்சடிக்கலாம், மாற்றியும் எழுதலாம்; அதன் உரிமம் அனுமதிக்கிறது. நான் படங்களை மட்டும் வைத்துக்கொண்டு, வரிகள் இருந்த இடத்தைக் காலியாக விட்டு, தெருமுனை ஜெராக்ஸ் கடையில் கறுப்பு வெள்ளையில் பிரதி எடுத்தேன். கதையை மகளே எழுதுகிறாள்.

காகிதப் புத்தகமே வேண்டும் என்பவர்களுக்குக் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் குழந்தைகள் பகுதி இருக்கிறது. ஞாயிறுக்கு ஞாயிறு போக முடிந்தால் அதற்கு எந்தச் செயலியும் ஈடில்லை. பெரம்பூரிலிருந்து எங்களால் மாதம் ஒரு தடவைதான் முடிகிறது.

நேற்று எழுதிய பக்கத்தில் யானை 'கேபமாக' இருந்தது. துணைக்கால் எங்கே என்று கேட்டேன். அவளே கண்டுபிடித்துப் போட்டாள்.