உதகை விடுதிக் கட்டடத்துக்கு எனர்ஜிபிளஸ்

உதகையில் கட்டப்படவிருந்த 40 அறை விடுதியின் ஆற்றல் தேவையை முன்கூட்டிக் கணிக்க, அமெரிக்க எரிசக்தித் துறையின் ஆதரவில் உருவான இலவச மென்பொருளான எனர்ஜிபிளஸைப் பயன்படுத்தினோம். ஆண்டின் 8,760 மணி நேரத்துக்கும் சுவர், கண்ணாடி, கூரை வழியே வெப்பம் புகுவதையும் வெளியேறுவதையும் அது தனித்தனியே கணக்கிடுகிறது.

முதலில் கோயம்புத்தூரின் வானிலைக் கோப்பை (ஓர் ஊரின் ஓராண்டுக்கான மணிவாரி வானிலைத் தரவு) கொடுத்தபோது, குளிரூட்டலே பெருஞ்செலவு என்ற முடிவு வந்தது. ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில், ஜனவரி இரவுகளில் உறைபனி விழும் ஊருக்கு அது சற்றும் பொருந்தாது. உதகைக்குரிய வெப்பநிலை, ஈரப்பதம், சூரியக் கதிர்வீச்சு ஆகியவற்றைக் கொடுத்து, உயரத்தையும் திருத்திய பிறகு (மலையில் காற்றின் அடர்த்தி குறைவதால் மின்விசிறி, கொதிகலன் ஆகியவற்றின் திறனும் மாறுகிறது), அறைகளைச் சூடாக்குவதும் வெந்நீருமே முதன்மைச் செலவுகள் என்பது தெளிவாயிற்று. அதன்படி வடக்குப் பக்கக் கண்ணாடியைக் குறைத்து, கூரைக்கு வெப்பக்காப்பு சேர்த்து, சன்னல் இடுக்குகளை அடைக்கத் திட்டமிட்டோம்.

திரையில் படங்களாகக் கண்டு இயக்கும் இடைமுகம் எனர்ஜிபிளஸில் இல்லாததால் கற்பது கடினம். அத்தகைய இடைமுகத்தைத் தரும் ஓப்பன்ஸ்டூடியோ என்ற மென்பொருளைத் துணைக்கொண்டால் எளிதாகும். மலையில் கட்டுவோர் அனைவருக்கும் இதனை மனமாரப் பரிந்துரைக்கிறேன். ஆனால் வானிலைக் கோப்பைச் சரிபார்க்காமல் தொடங்க வேண்டாம்.