கடன்களை ஒன்றாக்குவதா, ஒவ்வொன்றாக அடைப்பதா? நான் எடுத்த முடிவும் அதற்குப் போட்ட கணக்கும்

எங்களுக்கு மூன்று இடத்தில் கடன் இருந்தது. ஒரு கிரெடிட் கார்டில் 1,20,000, மாதம் 3.5 சதவீத வட்டி. இன்னொரு கார்டில் 80,000, மாதம் 3 சதவீதம். தெரிந்தவரிடம் ஒன்றரை வட்டிக்கு (மாதம் 1.5 சதவீதம்) வாங்கிய 1,00,000. மொத்தம் 3 லட்சம். மாதம் பிறந்தால் 8,100 வட்டிக்கே போய்விடும். நானும் மனைவியும் எல்லாச் செலவையும் இறுக்கிப் பிடித்து மாதம் 15,000 கடனுக்கென்று ஒதுக்கினோம். கணக்குப் பார்க்க வசதியாக எண்களைக் கொஞ்சம் முழுமையாக்கியிருக்கிறேன், மற்றபடி நிலைமை இதுதான்.

முதல் கார்டின் பில்லை ஒருநாள் இரவு வரி வரியாகப் படித்தேன். கட்ட வேண்டிய குறைந்தபட்சத் தொகை 6,000 என்று போட்டிருந்தது. அதில் 4,200 அந்த மாத வட்டி. அசலில் குறைவது வெறும் 1,800. மாதம் 3.5 என்பது காதில் விழும்போது சின்னதாகத்தான் இருக்கும். ஆண்டுக்கு அது 42 சதவீதம், வட்டிக்கு வட்டி சேர்த்தால் 51 சதவீதம். போதாததற்கு, பழைய பாக்கி நிற்கும்வரை பெரும்பாலான கார்டுகளில் வட்டியில்லா நாட்கள் என்ற சலுகையும் கிடையாது. புதிதாக வாங்கும் பொருளுக்கு வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓட ஆரம்பித்துவிடும். அதனால் எந்த வழியில் போனாலும் முதல் வேலை அந்தக் கார்டைத் தேய்ப்பதை நிறுத்துவது. இதில் யாருக்கும் மாற்றுக் கருத்து இருக்காது, மேலே போகலாம்.

வீட்டையோ நகையையோ அடமானம் வைத்துக் கார்டு கடனை அடைப்பது ஒரு வழி. வட்டி நிச்சயம் குறையும். ஆனால் கார்டு கடன் கட்ட முடியாமல் போனால் வசூலுக்கு ஆள் வரும், வழக்கு வரும், கடனை ஒழுங்காகக் கட்டுகிறவரா என்று காட்டும் கிரெடிட் ஸ்கோர் போகும். அடமானக் கடன் கட்ட முடியாமல் போனால் பொருளே போகும். ஈடில்லாத கடனை ஈடுள்ள கடனாக நாமே மாற்றிக் கொடுக்கிறோம். வருமானம் உறுதியாக இருக்கிறவர்கள் வேண்டுமானால் யோசிக்கலாம். நாங்கள் அதைத் தொடவில்லை.

பேலன்ஸ் டிரான்ஸ்ஃபர் இன்னொன்று. ஒரு கார்டின் பாக்கியை வேறொரு கார்டுக்கு மாற்றிக்கொண்டால் சில மாதங்களுக்கு வட்டி மிகக் குறைவு, சில சமயம் வட்டியே இல்லை. மாற்றும்போது ஒரு கட்டணம் பிடிப்பார்கள். சலுகைக் காலம் முடிந்ததும் மிச்சப் பாக்கிக்குப் பழையபடி கார்டு வட்டி திரும்பிவிடும். நான் இதைச் செய்து பார்த்ததில்லை, அதனால் அடித்துச் சொல்ல மாட்டேன். கணக்கு மட்டும் தெளிவு: மாற்றும் தொகையைச் சலுகை மாதங்களால் வகுத்துப் பாருங்கள். வரும் எண்ணை மாதாமாதம் உங்களால் கட்ட முடியும் என்றால் இதைவிட மலிவான வழி இல்லை. முடியாது என்றால் பிரச்சினையைத் தள்ளிப் போடுகிறீர்கள், அவ்வளவுதான். எங்களுக்கு இரண்டு கார்டுப் பாக்கியும் சேர்ந்து 2 லட்சம். 6 மாதச் சலுகையில் அடைக்க மாதம் 33,000-க்கு மேல் வேண்டும். கையில் இருந்ததோ 15,000.

ஆக, எங்களுக்கு உண்மையான போட்டி இரண்டு வழிகளுக்கு இடையில்தான். கடன்களை இருக்கிற இடத்திலேயே விட்டு ஒவ்வொன்றாக அடைப்பது. அல்லது ஒரே தனிநபர் கடன் வாங்கி மூன்றையும் முடித்துவிட்டு, அந்த ஒன்றை மட்டும் கட்டுவது.

ஒவ்வொன்றாக அடைப்பதிலும் இரண்டு முறை உண்டு. வட்டி அதிகமுள்ளதை முதலில் முடிப்பது ஒன்று, தொகை சின்னதாக உள்ளதை முதலில் முடிப்பது மற்றது. எங்கள் எண்களை வைத்து இரண்டையும் போட்டுப் பார்த்தேன். கணக்கு எளிதாக இருக்க, மற்றவற்றுக்கு வட்டி மட்டும் கட்டுவதாக வைத்துக்கொண்டு (நிஜத்தில் கார்டுக்குக் குறைந்தபட்சத் தொகையாவது கட்ட வேண்டும்) மிச்சம் முழுவதையும் 3.5 சதவீதக் கார்டில் போட்டு, அது முடிந்ததும் அடுத்தது என்று போனால் 28 மாதத்தில் எல்லாம் முடிகிறது. மொத்த வட்டி சுமார் 1,12,500. சின்னக் கடனான 80,000-ல் தொடங்கினால் 30 மாதம், வட்டி சுமார் 1,45,000. பின்னதில் 11 மாதத்திலேயே ஒரு கடன் தீர்ந்த நிம்மதி கிடைக்கும், முன்னதில் அதற்கு 14 மாதம் காத்திருக்க வேண்டும். அந்த நிம்மதிக்கு விலை 30,000-க்கு மேல். எனக்கு அது அதிகமாகப் பட்டது. ஆனால் கடன்களின் வட்டி விகிதம் ஏறக்குறைய ஒன்றாக இருந்தால் வித்தியாசம் சொற்பம்தான். அப்போது சின்னதை முதலில் முடிப்பதில் தப்பே இல்லை.

இப்போது நான் எடுத்த வழிக்கு வருகிறேன். கடன்களை ஒன்றாக்கலாம் என்று வீட்டில் சொன்னதும் மனைவி கேட்ட முதல் கேள்வி, "கடனை அடைக்க இன்னொரு கடனா?" நியாயமான கேள்வி. ஒரு நோட்டை எடுத்து, இடப்பக்கம் மூன்று கடன்களையும் அவற்றின் மாத வட்டியையும், வலப்பக்கம் புதுக் கடனையும் எழுதிக் காட்டினேன். அதே 3 லட்சத்துக்கு எனக்குக் கிடைத்த வட்டி ஆண்டுக்கு 15 சதவீதம். முதல் மாத வட்டி 3,750. இடப்பக்கம் 8,100. இரண்டு எண்ணையும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "சரி, ஆனா கார்டு ரெண்டும் காலியாயிடுமே, அப்புறம்?" என்றாள். அந்த இரண்டாவது கேள்வியைப் பிறகு எடுத்துக்கொள்கிறேன், அது முக்கியமானது.

அதற்கு முன்னால் தவணைக்காலம். கடனை ஒன்றாக்குவது லாபமா நஷ்டமா என்பதை முடிவு செய்வது வட்டி விகிதம் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். கடன் வாங்கப் போன இடத்தில் இருந்த இளைஞர் கணினித் திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினார். "சார், அஞ்சு வருஷம் போட்டுக்கோங்க. மாசம் ஏழாயிரத்துச் சொச்சம்தான், பாரமே தெரியாது" என்றார். அவர் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. 60 மாதத்துக்குத் தவணை 7,137. நாங்கள் ஏற்கெனவே கட்டிக்கொண்டிருந்த 15,000-ல் பாதிகூட இல்லை. ஒரு நிமிடம் மனம் அதில் சாய்ந்தது என்பதை மறைக்க மாட்டேன். மாதம் கிட்டத்தட்ட 8,000 கையில் நின்றால் எத்தனை விஷயம் செய்யலாம் என்று உடனே மனம் கணக்குப் போட ஆரம்பித்துவிட்டது.

ஆனால் 7,137-ஐ 60 மாதம் கட்டினால் மொத்தம் சுமார் 4,28,000. வட்டி மட்டும் 1,28,000. மேலே சொன்ன எண்ணோடு இதை வைத்துப் பாருங்கள். கடன்களை ஒன்றாக்காமல், 42 சதவீதக் கார்டையும் 36 சதவீதக் கார்டையும் அப்படியே வைத்துக்கொண்டு, மாதம் 15,000 விடாமல் கட்டியிருந்தால் போகும் வட்டி 1,12,500-தான். அதாவது வட்டி விகிதத்தைப் பாதிக்கும் கீழாகக் குறைத்த பிறகும், ஐந்து வருடத்துக்கு இழுத்தால் 15,000-க்கு மேல் கூடுதலாகக் கொடுக்கிறோம். கூடவே இரண்டரை வருடத்துக்கு மேல் அதிகமாகக் கடனாளியாக இருக்கிறோம். இதைத் தாளில் பார்த்தபோது எனக்கே நம்பிக்கை வரவில்லை. மூன்று முறை போட்டுப் பார்த்தேன்.

அதே கடனை 36 மாதத்துக்கு எடுத்தால் தவணை 10,400, மொத்த வட்டி சுமார் 74,400. 24 மாதம் என்றால் தவணை 14,546, வட்டி சுமார் 49,100. நாங்கள் எடுத்தது 24 மாதம். கடன் கொடுப்பதற்காக அவர்கள் பிடிக்கும் செயல்பாட்டுக் கட்டணம் (ப்ராசசிங் ஃபீ) 2 சதவீதம், 6,000. அதையும் சேர்த்தால் மொத்தச் செலவு 55,000 சொச்சம். ஒவ்வொன்றாக அடைப்பதைவிட 57,000 மிச்சம், நாலு மாதமும் மிச்சம். மாதம் கையிலிருந்து போகும் பணம் ஏறக்குறைய அதேதான். நேற்றுவரை மூன்று இடத்தில் கட்டிய பணத்தை இன்று ஒரே இடத்தில் கட்டுகிறோம். வட்டி குறைந்ததால் வந்த லாபம் முழுக்க அசலைக் குறைக்கப் போகிறது.

தவணை குறைந்தது என்று சந்தோஷப்படும் இடத்தில்தான் பலருக்கும் கணக்குத் தப்புகிறது என்று நினைக்கிறேன். கடனை ஒன்றாக்குகிறவர்கள் கேட்க வேண்டிய கேள்வி "மாதம் எவ்வளவு குறையும்?" என்பதில்லை. "இப்போது கட்டும் அதே தொகையைக் கட்டினால் எத்தனை மாதத்தில் முடியும்?" என்று கேளுங்கள். அந்த மாதக் கணக்குக்குப் பக்கத்தில் வரும் தவணைக்காலத்தையே எடுங்கள்.

இதற்கு ஒரு நல்ல மறுப்பு உண்டு. "ஐந்து வருடத்துக்கு எடுத்துவிட்டு, பணம் இருக்கிற மாதத்தில் கூடுதலாகக் கட்டு. வேலை போனால் குறைந்த தவணை கைகொடுக்கும்" என்று நண்பர் ஒருவர் சொன்னார். முன்கூட்டிக் கட்டுவதற்கு அபராதம் இல்லாத கடனாக இருந்தால் கணக்குப்படி அவர் சொல்வது சரி. மாதம் 15,000 கட்டினால் அதுவும் 24 மாதத்துக்குள் தீர்ந்துவிடும். ஆனால் "இருக்கிற மாதம்" என்று ஒன்று எங்கள் வீட்டில் வந்ததில்லை. கட்டாயம் என்று இருக்கும் பணம் போய்விடும், விருப்பம் என்று இருக்கும் பணம் வேறெங்காவது போய்விடும். மாதச் சம்பளக்காரனாக நான் பேசுகிறேன். ஒரு மாதம் வந்து ஒரு மாதம் வராத வருமானம் உள்ளவர்கள் 36 மாதம் எடுத்து, வரும்போது பகுதிப் பணம் கட்டுவது பாதுகாப்பாக இருக்கலாம். அந்த வாழ்க்கையை நான் வாழ்ந்ததில்லை, அதனால் இதற்கு மேல் சொல்லத் தயக்கமாக இருக்கிறது. ஒன்று மட்டும்: பகுதிப் பணம் கட்டும்போது "தவணையைக் குறைக்க வேண்டாம், காலத்தைக் குறையுங்கள்" என்று எழுதிக் கொடுங்கள். கேட்காவிட்டால் அவர்களாகவே தவணையைக் குறைத்துவிடக்கூடும், காலம் அப்படியே நிற்கும்.

வட்டி விகிதம் பேசும்போது அது குறையும் நிலுவையிலா, முழு அசலிலா என்று கேட்காமல் எழுந்து வராதீர்கள். எனக்கு வேறொரு இடத்தில் "10 சதவீதம்தான்" என்று ஒரு கடன் வந்தது. முழு அசலுக்கும் கடைசி மாதம்வரை ஒரே வட்டி போடும் ஃப்ளாட் கணக்கு அது. 3 லட்சத்துக்கு 3 வருடத்தில் 90,000 வட்டி, தவணை 10,833. குறையும் நிலுவைக் கணக்கில் சொன்னால் அது ஏறக்குறைய 18 சதவீதம். 15 சதவீதக் கடனின் 36 மாதத் தவணை 10,400 என்பதை மேலே பார்த்தோம். 10 என்று சொன்னது 15-ஐவிட விலை அதிகம்.

இனி மனைவியின் இரண்டாவது கேள்வி. இரண்டு கார்டும் காலியாகிவிட்டால், 2 லட்சத்துக்கு மேல் லிமிட் திறந்து கிடக்கிறது. அதில் மறுபடி பாக்கி ஏறினால் கதை முடிந்தது, புதுக் கடனும் இருக்கும், பழைய கடனும் இருக்கும். ஒவ்வொன்றாக அடைக்கும் வழியில் இந்த ஆபத்து குறைவு, ஏனென்றால் லிமிட் மெதுவாகத்தான் திறக்கும். அந்த வழிக்கு இதை ஒரு பெரிய பலமாகவே கொடுக்கிறேன். நாங்கள் வட்டி அதிகமுள்ள கார்டை அந்த மாதமே மூடச் சொன்னோம். இன்னொன்றின் லிமிட்டை எழுதிக் கொடுத்து 20,000-க்குக் குறைத்தோம். கார்டை மூடினால் ஸ்கோர் சிறிது இறங்கலாம் என்பார்கள், அது உண்மைதான். உடனடியாக வேறு கடன் வாங்கும் எண்ணம் இல்லாதவர்களுக்கு அது பொருட்டே இல்லை. காலி கார்டைப் பையில் வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியும் என்ற உறுதி இல்லை என்றால், கடனை ஒன்றாக்காமல் இருப்பதே மேல்.

கடன் பணம் எங்கள் கணக்குக்கு வந்தது ஒரு வெள்ளிக்கிழமை. அன்று மாலைக்குள் மூன்று இடத்திலும் கட்டி முடித்தோம். திங்கட்கிழமை வரை வைத்திருந்தால் அதில் ஒரு 10,000 வேறு எதற்காவது போயிருக்கும். ஒன்றரை வட்டிக்காரரிடம் எழுதிக் கொடுத்த பத்திரத்தைக் கையோடு திரும்ப வாங்கிக்கொண்டோம்.

கார்டில் ஒரு விஷயம் எங்களுக்குத் தெரிந்திருக்கவில்லை. பில்லில் இருந்த முழுத் தொகையையும் கட்டிவிட்டோம், கணக்கு முடிந்தது என்று நினைத்தோம். அடுத்த மாதம் மூடச் சொன்ன கார்டில் 1,500 சொச்சம் பில் வந்தது. பில் போட்ட தேதிக்கும் நாங்கள் கட்டிய தேதிக்கும் இடையிலான நாட்களின் வட்டி அது. கவனிக்காமல் விட்டிருந்தால் தாமதக் கட்டணமும் அதன்மேல் ஏறியிருக்கும். அதனால் கார்டை முடிக்கிறவர்கள் பில்லில் உள்ள எண்ணைப் பார்த்துக் கட்டாதீர்கள். வாடிக்கையாளர் சேவைக்குப் போன் செய்து, இன்றைய தேதிக்கு முழுதாக முடிக்க எவ்வளவு என்று கேட்டுக் கட்டுங்கள். அந்தக் கார்டில் மாதாமாதம் தானாகப் பணம் எடுக்கும் சந்தாக்கள் இருந்தால் முதலிலேயே நிறுத்திவிடுங்கள். பாக்கி ஏதுமில்லை, கணக்கு மூடப்பட்டது என்ற கடிதம் கைக்கு வரும்வரை பில்லைத் திறந்து பார்ப்பதை விடாதீர்கள். எங்களுக்கு அந்தக் கடிதம் வர ஆறு வாரம் ஆனது. இரண்டு முறை கேட்க வேண்டியிருந்தது.