மலிவு விலை மாடுலர் கிச்சன்: இரண்டாம் தவணை கட்டுமுன் கீல் குழியைப் பாருங்கள்

தொழிற்சாலையில் வெட்டிய பலகைகளைத் தட்டையாகக் கட்டி அனுப்பி, வீட்டில் வைத்துத் திருகு முடுக்கித் தரும் மாடுலர் கிச்சனுக்கு யாராவது அட்வான்ஸ் கட்டப் போகிறீர்கள் என்றால், தயவுசெய்து இதைப் படித்துவிட்டுக் கட்டுங்கள். மேடவாக்கத்தில் உள்ள எங்கள் அடுக்குமாடி வீட்டில் போன ஆண்டு இந்த வேலையைச் செய்தோம். ஏறத்தாழ இரண்டு லட்சம் ரூபாய் போனது. ஒரு மழைக்காலம் முடிவதற்குள் சிங்க்கின் கீழ்ப் பெட்டி ஊதி, ஓரம் பிளந்து நிற்கிறது. வழக்கு நடப்பதால் நிறுவனத்தின் பெயரை எழுதவில்லை. ஆனால் இதே வாசகங்கள் கொண்ட கொட்டேஷனை வேறு இரு வீட்டாரிடமும் பார்த்துவிட்டேன். அதனால்தான் எழுதுகிறேன்.

விளம்பரத்தில் "சதுர அடி 950 ரூபாய் முதல்" என்று இருந்தது. அந்த விலையில் வருவது வெறும் பெட்டியும் கதவும்தான். கீல், கைப்பிடி, தட்டுக் கூடை, மூலைக் கூடை, பொருத்தும் கூலி எல்லாம் தனி. கொட்டேஷனில் 1,42,000 ரூபாய் என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தார்கள். 18 சதவீத ஜிஎஸ்டி அடியில் சிறிய எழுத்தில் இருந்தது. வரி மட்டும் 25,560 ரூபாய். சிங்க்கின் கீழேயும் சிலிண்டர் வைக்கும் இடத்திலும் உள்ளே தட்டு எதுவும் கிடையாது, ஆனால் அந்த இடத்துக்கும் முழுப் பெட்டியின் கணக்கிலேயே சதுர அடி போட்டிருந்தார்கள். விலை பற்றி இவ்வளவு போதும். கூடுதல் பணத்தையாவது பொறுத்துக்கொள்ளலாம். பலகையில் செய்ததைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

ஷோரூமில் காட்டிய மாதிரிப் பெட்டி பிளைவுட். அதை அறுத்துக் காட்டினார்கள், தண்ணீர்த் தொட்டியில் மூழ்கடித்தும் வைத்திருந்தார்கள். கொட்டேஷனில் எழுதியதோ "18 மி.மீ., பிடபிள்யூபி தரத்துக்கு இணையான பலகை". கேட்டதற்கு, "எல்லாம் ஒன்றுதான் மேடம், தொழிற்சாலை வழக்கம் அது" என்றார் விற்பனையாளர். ஒன்று இல்லை. பிடபிள்யூபி, அதாவது கொதிநீரையும் தாங்கும் என்று கடைகளில் விற்கும் பிளைவுட்டுக்கு ஐஎஸ் 710 என்ற இந்தியத் தர எண் உண்டு. 72 மணி நேரம் கொதிநீரில் கிடந்தும் அடுக்குப் பிரியக் கூடாது என்பது அதற்கான சோதனை. எம்ஆர் என்று விற்கும் பிளைவுட் ஐஎஸ் 303-இன் கீழ் வரும் இன்னொரு ரகம். காற்றிலுள்ள ஈரத்தைத் தாங்கும், தேங்கும் தண்ணீரைத் தாங்காது. பார்ட்டிகிள் போர்டு என்பது மரத்துகளைப் பசையிட்டு அழுத்திய பலகை. மேலே மைக்கா ஒட்டி, ஓரத்தில் பட்டி ஒட்டிவிட்டால் மூன்றும் பார்வைக்கு ஒரே மாதிரிதான் இருக்கும்.

அடுத்தது உயரம். பழைய வீட்டில் மாடுலர் கிச்சன் போட நினைப்பவர்கள் இதைக் கவனமாகப் படியுங்கள். தொழிற்சாலைக் கீழ்ப்பெட்டிகள் பெரும்பாலும் 720 மி.மீ. உயரத்தில் வரும். அதன் கீழ் 100 மி.மீ. கால். மொத்தம் 820. நம் ஊர் வீடுகளில் கடப்பா கல் தாங்கலின் மேல் கிரானைட் போட்ட மேடை ஏற்கெனவே இருக்கும். எங்கள் மேடையின் அடிப்பக்கம் தரையிலிருந்து 762 மி.மீ., அதாவது இரண்டரை அடி. லேசர் கருவியோடு வந்து அளந்தவர் இதைக் குறித்துக்கொண்டார். "மேடையை உடைக்க வேண்டாம், அப்படியே உள்ளே போய்விடும்" என்றார். கணினியில் வரைந்து அனுப்பிய வண்ணப் படத்தில் கால்களோடுதான் பெட்டிகள் நின்றன. உயரம் மட்டும் அந்தப் படத்தில் எங்குமே குறிக்கப்படவில்லை.

பொருத்த வந்த இளைஞர்கள் முதல் பெட்டியை உள்ளே தள்ளிப் பார்த்தார்கள், போகவில்லை. அலுவலகத்துக்குப் போன் செய்தார்கள். பிறகு எல்லாக் கால்களையும் கழற்றிவிட்டுப் பெட்டிகளை நேரே தரையில் உட்கார வைத்தார்கள். மேலே மிஞ்சிய இடைவெளியை ஒரு பட்டைப் பலகையால் மூடினார்கள். நானும் என் மாமியாரும் ஆட்சேபித்தோம். "தரை சமமாக இருக்கிறது, ஒன்றும் ஆகாது" என்று மேலாளர் போனிலேயே முடித்துவிட்டார். சமையலறைத் தரையைத் தண்ணீர் விட்டுத் துடைக்காத வீடு நம் ஊரில் எங்கே இருக்கிறது? கால் இருப்பதே பலகையைத் தரை ஈரத்திலிருந்து தூக்கிப் பிடிப்பதற்காகத்தான். போதாததற்கு, சிங்க் குழாய் போவதற்காகப் பின்பலகையில் ஓட்டை அறுத்தார்கள். அறுத்த விளிம்புக்குச் சிலிக்கான்கூடப் பூசவில்லை. அந்த வழியாகவும் ஈரம் உள்ளே போயிருக்கிறது.

மழைக்காலத்தில் முதலில் அடிப்பலகையின் ஓரப் பட்டி கிளம்பியது. பிறகு கதவு ஒரு பக்கம் தொங்கியது. தெருமுனையில் பட்டறை வைத்திருக்கும் ஆசாரியைக் கூப்பிட்டேன். அவர் கதவைக் கழற்றி, கீலைப் பெயர்த்து எடுத்து, அது உட்காரும் குழியை எனக்குக் காட்டினார். கீல் பதிக்கக் கதவில் 35 மி.மீ. அகலத்துக்கு வட்டமாகக் குடைந்திருப்பார்கள். அந்த இடத்தில் மைக்கா இருக்காது, பட்டி இருக்காது, பலகையின் உள்ளுடல் அப்படியே வெளியே தெரியும். பிளைவுட்டாக இருந்தால் வட்டத்தின் சுவரில் அடுக்கடுக்காகக் கோடு தெரியும். எங்கள் கதவில் ஒரு கோடுகூட இல்லை. விரலால் தேய்த்ததும் நனைந்த ரஸ்க் போலப் பொடிப்பொடியாக உதிர்ந்தது. "இதில் திருகு எப்படி நிற்கும் அம்மா? ஒருமுறை கழன்றால் மறுபடி பிடிக்காது" என்றார். பெட்டியின் பக்கப் பலகையிலும் திருகைக் கழற்றிப் பார்த்தோம், அதே துகள்தான் வந்தது. குழாய்க்காக அறுத்த ஓட்டையின் வட்டத் துண்டு பெட்டிக்குப் பின்னாலேயே கிடந்தது. அதை வாளித் தண்ணீரில் போட்டு வைத்தோம். விடிவதற்குள் ஊதி, மைக்கா கழன்று தனியாக மிதந்தது. தேதியோடு படம் எடுத்து வைத்திருக்கிறேன்.

ஆசாரி இன்னொன்றையும் சொன்னார், அது பணத்தைவிடப் பெரிய விஷயம். சிலிண்டர் வைக்கும் பெட்டியை அடிப்பலகை போட்டு, கதவு போட்டு, காற்றுப் போக ஒரு துளையும் இல்லாமல் செய்திருந்தார்கள். சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் கீழேதான் தேங்கும். மூடிய பெட்டிக்குள் தேங்கினால் வாசனையும் உடனே வெளியே வராது. அன்றே அடிப்பலகையை எடுத்துவிட்டு, கதவின் கீழ்ப்பகுதியில் ஜாலி வைத்துக் கொடுத்தார். உங்கள் வீட்டில் இப்படி இருந்தால், யார் செய்து தந்த கிச்சனாக இருந்தாலும், உடனே மாற்றுங்கள்.

நிறுவனத்துக்குப் புகார் அனுப்பினோம். வந்த பதில் இது: பத்தாண்டு உத்தரவாதத்தில் "நீர் படுவதால் ஏற்படும் சேதம்" சேராது. சமையலறை அலமாரிக்குத் தண்ணீர் ஆகாது என்றால் அந்த உத்தரவாதம் எதற்கு? பிளைவுட் பற்றிக் கேட்டதற்குக் கையை விரித்துவிட்டார்கள், கொட்டேஷனில் பிளைவுட் என்ற சொல்லே இல்லையாம். மிகவும் வற்புறுத்தியபின் இரண்டு பெட்டிகளை மட்டும் மாற்றித் தருவதாகச் சொன்னார்கள், அதே பலகையில். மறுத்துவிட்டோம்.

இந்த வகை அலமாரியே கூடாது என்று நான் சொல்லவில்லை. பலகை தட்டையாக வந்து இறங்குவதால், பொருத்துவதற்கு முன்பே ஒவ்வொன்றையும் நாம் புரட்டிப் பார்க்க முடியும். ஆசாரி நம் வீட்டுக்கே வந்து அறுத்துச் செய்யும் வேலைக்கு நிகரான வசதி அது. அந்த வசதியைத்தான் இவர்கள் பணம் வாங்கும் முறையால் பறித்துவிடுகிறார்கள். பாதி ஆர்டரின்போது, 45 சதவீதம் சரக்கு கிளம்பும் முன், பொருத்திய பின் வெறும் ஐந்து சதவீதம். சரக்குக் கட்டைப் பிரிக்கும்போது உங்கள் கையில் பிடி எதுவும் இருக்காது. ஆகவே இரண்டாவது தவணையைச் சரக்கு வீட்டுக்கு வந்து, கட்டைப் பிரித்து, கீல் குழியையும் திருகுத் துளைகளையும் பார்த்த பிறகுதான் தருவேன் என்று எழுதி வாங்குங்கள். அதற்கு ஒத்துக்கொள்ளாத இடத்தில் ஆர்டர் கொடுக்காதீர்கள்.

கொட்டேஷனில் "இணையான" என்ற சொல் இருந்தால் அடிக்கச் சொல்லுங்கள். பிளைவுட் என்றால் ஐஎஸ் எண், தயாரிப்பாளர் பெயர், ஐஎஸ்ஐ முத்திரையோடு வரும் சிஎம்/எல் உரிம எண் மூன்றும் வேண்டும். வெட்டிய பலகையில் முத்திரை தெரியாது என்பார்கள், அது உண்மைதான். அதனால் முழுப் பலகை வாங்கிய பில்லின் நகலைக் கேளுங்கள். உரிம எண் செல்லுபடியாகுமா என்பதை இந்திய தர நிர்ணய அமைவனத்தின் பிஐஎஸ் கேர் செயலியில் நீங்களே பார்த்துக்கொள்ளலாம். கட்டுப்படியாகவில்லை என்றால் சிங்க் பெட்டியையும் கீழ்ப்பெட்டிகளையும் மட்டும் ஐஎஸ் 710 பிளைவுட்டில் கேட்டு, சுவரில் தொங்கும் மேல்பெட்டிகளுக்கு விலை குறைந்த பலகையை வைத்துக்கொள்ளலாம். படத்தில் ஒவ்வொரு பெட்டியின் உயரமும் காலின் உயரமும் மி.மீ.யில் எழுதப்பட்டு, அதில் அவர்கள் கையெழுத்தும் இருக்க வேண்டும்.

ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்களுக்கு: 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முதலில் புகாரைப் பதியுங்கள், நிறுவனத்திடமிருந்து எழுத்தில் பதில் வரக்கூடும். எங்களுக்கு வந்த பதிலே இன்று எங்கள் பக்கச் சான்றாக இருக்கிறது. ஒப்பந்தத்தில் "வழக்கு எங்கள் தலைமை அலுவலக ஊரில் மட்டுமே" என்று அச்சடித்திருப்பதைப் பார்த்துத் தயங்காதீர்கள். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் இடத்து மாவட்ட ஆணையத்திலேயே தொடுக்கலாம். கொடுத்த தொகை ஐந்து லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது. இ-ஜாக்ரிதி தளத்தில் வீட்டிலிருந்தே தாக்கல் செய்யலாம். கழற்றிய பலகைத் துண்டைத் தூக்கி எறியாதீர்கள், அதுதான் முதல் ஆதாரம். இரண்டு ஆண்டுக்குள் தொடுக்க வேண்டும் என்பதால் மாற்றித் தருகிறோம், ஆள் அனுப்புகிறோம் என்று அவர்கள் இழுத்தடிக்கும் காலத்தையும் அந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.